பொரித் தட்டும் பந்தி இலையும்

ஆயுத பூஜை நெருங்கினால் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பொரி மூட்டைகளும் வாழைக்கன்றுகளும் ஏறும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கும். பட்டறைகளிலும் கன்டெய்னர் கிடங்குகளிலும் லாரி ஷெட்டுகளிலும் இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபடும். பூஜை முடிந்ததும் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம் கொண்ட பொட்டலம் அங்கே வேலை செய்கிற எல்லார் கைக்கும் வரும். மதம் பார்த்து யாரும் கொடுப்பதில்லை.

அந்த நேரத்தில் கிறிஸ்தவத் தொழிலாளியின் மனத்துக்குள் ஒரு போராட்டம் நடக்கிறது. வாங்கலாமா? வாங்கி ஓரமாக வைத்துவிடலாமா? வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? குங்குமத் தட்டோடு வருகிற சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது? வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் வருஷம் தவறாமல் எழுகிற கேள்வி இது. படைத்ததைத் தொடாதே என்கிற பாஸ்டரும் உண்டு. ஜெபம்பண்ணிவிட்டுச் சாப்பிடு என்கிற ஐயரும் உண்டு.

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தன் வாய்க்குள் போகிற ஒரு பிடிப் பொரியைக்கூடத் தன் ஆண்டவருக்கு முன்னால் வைத்துப் பார்க்கிற மனச்சாட்சி லேசானதல்ல. ஆனால் விக்கிரகாராதனையைப் பற்றி நம் சபைகள் வருஷம் முழுவதும் செய்கிற நுணுக்கமான யோசனை பெரும்பாலும் இந்தப் பொட்டலத்தோடு நின்றுவிடுகிறது. முதல் நூற்றாண்டுச் சபைகளும் இந்தச் சிக்கலைச் சாப்பாட்டு மேசையில்தான் சந்தித்தன. அங்கே கேள்விகள் மூன்று இருந்தன: எதைச் சாப்பிடுகிறோம், யாரோடு சாப்பிடுகிறோம், நாம் சாப்பிடும்போது யார் பட்டினி கிடக்கிறார். முதல் கேள்வியை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். மற்ற இரண்டும் எங்கே போயின என்பதே இந்தக் கட்டுரையின் தேடல்.

நம் அத்திப்பட்டின் வாழ்க்கைக்கு மிக நெருங்கிய வேதாகம ஊர் எருசலேமும் அல்ல, ரோமாபுரியும் அல்ல, தியத்தீரா. இன்றைய துருக்கியில் அக்கிசார் என்ற பெயரில் இருக்கிறது. ராஜ வம்சமோ பெரிய கோயில் புகழோ இல்லாத, உழைப்பாளிகளின் ஊர். அங்கே கிடைத்த கல்வெட்டுகள் கம்பளி வேலை செய்கிறவர், சாயம் தோய்ப்பவர், தோல் பதனிடுவோர், குயவர், ரொட்டி சுடுவோர், வெண்கலக் கன்னார் என்று ஏராளமான தொழிற்சங்கங்களைக் காட்டுகின்றன. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் இந்த ஊர்க்காரி. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. சங்க விருந்து அந்தத் தெய்வத்தின் பெயரில் நடக்கும். விருந்துக்குப் போகாதவனுக்குத் தொழிலில் நிற்பது கஷ்டம். வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்தச் சபைக்கு எழுதப்பட்ட கடிதம், படைத்ததைச் சாப்பிடலாம் என்று போதித்த ஒருத்தியை யேசபேல் என்ற பெயரால் கடிகிறது. வில்லியம் ராம்சே என்ற தொல்லியலாளர் 1904-இல் எழுதிய நூலில், இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருப்பது சங்க விருந்துப் பிரச்சினை என்று வாதிட்டார். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. வேலையும் சாமியும் சாப்பாடும் ஒரே இடத்தில் பின்னிக்கிடக்கிற வாழ்க்கையை அத்திப்பட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கொரிந்துவில் பவுல் இதையே இன்னும் நிதானமாக அணுகுகிறார். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊர்க் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் இரண்டாம் நூற்றாண்டு விருந்து அழைப்பிதழ்கள் இருக்கின்றன. சாராப்பிஸ் தெய்வத்தின் மேசையில் நாளை இத்தனை மணிக்கு விருந்து, வரவும் என்பதுதான் செய்தி. நம் வீட்டுப் புதுமனை அழைப்பிதழைவிடச் சின்னது. கர்த்தருடைய மேசை என்றும் பேய்களின் மேசை என்றும் பவுல் பிரித்துப் பேசும்போது, கேட்டவர்களுக்கு இப்படிப்பட்ட மேசைகள் கண்முன் வந்திருக்கும். ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன் 1970-களில் ஒன்றைக் கவனித்தார்: ஏழைகளுக்கு இறைச்சி கிடைப்பது பெரும்பாலும் பொதுத் திருவிழாக்களில், அதாவது, தெய்வத்தின் பெயரோடு சேர்ந்துதான். வசதியுள்ளவனுக்கு அது அன்றாட உணவு. விக்கிரகம் ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம் என்று தைரியமாகப் பேசியவர்கள் வசதியானவர்கள். சாப்பிட்டால் பழைய பயம் திரும்பிவிடும் என்று நடுங்கியவர்கள் ஏழைகள்.

பவுலின் தீர்ப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கடைத்தெருவில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். ஒருவன் வந்து இது படைக்கப்பட்டது என்று சொன்னால், அவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். கோயில் பந்தியிலேயே உட்காருவதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்கிறார். தட்டில் இருக்கும் பொருளில் தீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவருடைய அளவுகோல் பக்கத்தில் இருக்கிற பலவீனமான சகோதரன்.

ஆகவே பொரிப் பொட்டலத்தைப் பற்றி என் கருத்து எளிது. பூஜையில் பங்கெடுக்க முடியாது என்று பணிவாகச் சொல்லலாம்; சொன்னால் பெரும்பாலான மேஸ்திரிகளும் உடன் வேலை செய்கிறவர்களும் புரிந்துகொள்வார்கள். பொட்டலத்தை நன்றியோடு வாங்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். வாங்கிக் குப்பைத் தொட்டியில் போடுவது மட்டும் கூடாது. கொடுத்தவருடைய மரியாதையை அது மிதிக்கிறது. வருஷம் முழுவதும் கையை வெட்டாமல் காத்த கருவிக்கு நன்றி சொல்கிற அந்த மனிதரின் உணர்வில், படைப்பைக் குறித்து நாம் மறந்துபோன ஒரு பயபக்தி இருக்கிறது.

விக்கிரகம் என்ற சொல்லையும் இங்கே யோசிக்க வேண்டும். வடமொழியில் அதற்கு உருவம், திருமேனி என்று பொருள். கோயிலில் அது மதிப்புக்குரிய சொல். தமிழ்க் கிறிஸ்தவம் அதை எடுத்து, ஆராதனையோடு சேர்த்து, ஒரு பாவத்தின் பெயராக்கியது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1713-இல் தம் அச்சகத்தில் தமிழில் முதலில் அச்சிட்ட சிறு நூலே பிற வழிபாட்டை அக்கியானம் என்று கடிந்ததுதான். அதே ஆண்டில் அதே மனிதர் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சவரிசையை ஆர்வத்தோடு தொகுத்தும் எழுதினார். ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த மிஷன் மேலிடம் அதை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் சென்னையில் வெளியானது. கண்டித்த கை ஒன்று, கற்றுக்கொண்ட கை ஒன்று. நமக்குப் பரம்பரையாக வந்து சேர்ந்தது முதல் கைதான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் சிலைவழிபாடு என்று எழுதுகிறது. கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் இருவரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் வந்தபோது, மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிற பாட்டியை யாராவது அந்தப் பெயரால் குத்துவார்களோ என்ற கவலை இல்லாமலா இருந்திருக்கும்? கி.பி. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கம் வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் உள்ள வேறுபாட்டை வரையறுத்துவிட்டது. அந்தச் சண்டையை நான் இங்கே திறக்கப்போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தீர்க்கதரிசிகள் விக்கிரகத்தைக் கண்டித்தபோது பெரும்பாலும் தங்கள் சொந்த ஜனத்தைப் பார்த்தே கண்டித்தார்கள். ரோமருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் ஒரு கேள்வி கேட்கிறார்: விக்கிரகத்தை அருவருக்கிற நீ கோயிலைக் கொள்ளையடிக்கிறாயா? அருவருப்பும் ஆசையும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் இந்தப் பொருளுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். சிலை செய்கிற கொல்லன், சாம்பிராணி வியாபாரி, பள்ளிக்கூட வாத்தியார், ஜோசியன் என்று தொழில் தொழிலாக எடுத்து விசாரிக்கிற நூல் அது. விழா நாளில் வாசலில் விளக்கும் இலைத்தோரணமும் கட்டுகிற வீடுகளில் கிறிஸ்தவர் வீடுகளே அதிகம் என்று வருந்துகிறார். சிலையே இல்லாமலும் விக்கிரகாராதனை நடக்கும் என்பது அவருடைய கூர்மையான வாதம். ஆனால், பிழைப்புக்கு வேறு வழி இல்லையே என்று முறையிட்டவனுக்கு, விசுவாசம் பசிக்குப் பயப்படாது என்ற கருத்தில் அவர் சொன்ன பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. படித்த, வசதியுள்ள ஒருவர் கூலிக்காரனுக்குச் சொல்கிற பதில் அது. கொரிந்துவில் பவுல் காட்டின கரிசனம் அதில் இல்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: யாரோடு சாப்பிடுகிறோம்.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் விக்கிரகத்தைப் பற்றிய மிகப் பெரிய வழக்கு எந்தக் கோயிலைப் பற்றியும் நடக்கவில்லை. அது சபைக்குள் பந்தியைப் பற்றி நடந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மிஷனெரி சுவார்ட்சின் வளர்ப்பு. சரபோஜி மன்னரின் அவைக்களப் புலவர். இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்தவர். அரசவையில் இருந்தபோதும் பிற தெய்வத்தைப் புகழ்ந்து பாட மறுத்த உறுதி அவரிடம் இருந்தது. அந்த மனிதர்தான் 1829-இல், சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்த புதிய மிஷனெரிகளை எதிர்த்து, சாதி திருத்தலின் பயித்தியம் என்ற தலைப்பில் எழுதினார். தனித்தனி உட்காருமிடம், நற்கருணையில் முன்பின் வரிசை ஆகியவை அவருக்கு உலக மரியாதை, விசுவாசத்தோடு சம்பந்தமில்லாதவை. சாஸ்திரியாரை இகழ எனக்கு மனம் வரவில்லை. மன்னர் முன்னால் நெஞ்சு நிமிர்த்தி நின்ற ஒரு பக்தருக்குக்கூட, தன் பக்கத்து இலையில் இன்னொரு விசுவாசி உட்காருவது தாங்க முடியாததாக இருந்தது என்ற உண்மை என்னை உறுத்துகிறது. பக்தி குறைவால் வந்த குருடு அல்ல அது. சாதி என்கிற உருவம் அவர் பிறக்கும் முன்பே வீட்டுக்குள் இருந்தது.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமையைத் தாமதமின்றி, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எதிர்த்துச் சபையை விட்டே விலகினார்கள். பிறகு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் இளகிய கொள்கை வைத்திருந்ததால் அவர்களில் அநேகர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் 1847-இல் இன்னும் கடினமான சோதனையை வைத்தது. தங்கள் உபதேசிகளையும் ஊழியக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் சமைத்ததைச் சாப்பிடச் சொன்னது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். சாப்பிட மறுத்து வேலையை இழந்தவர்கள் பலர்.

ஒரு கணம் இங்கே நின்று யோசிக்க வேண்டும். படைத்த சோற்றைத் தொடுவதில்லை என்று உறுதியாக இருந்தவர்கள், தங்கள் சகோதரன் வடித்த சோற்றைத் தொட மறுத்தார்கள். முதல் சோறு ஒரு தெய்வத்தின் பெயரால் விலக்கப்பட்டது. இரண்டாவது சோற்றை விலக்கச் சொன்ன தெய்வம் எது? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினதைப் பவுல் எல்லார் முன்னாலும் கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பந்தியிலிருந்து எழுந்துபோவது சுவிசேஷத்தையே மறுப்பது என்பதுதான் அவர் கண்ட ஆபத்து. ஞானஸ்நானம் தருகிற பெயருக்கு மேலே பிறப்பு தருகிற பெயர் உட்காரும்போது, அங்கே ஒரு பீடமும் அதன்மேல் ஓர் உருவமும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததால் அது விக்கிரகம் ஆகாமல் போய்விடாது.

சில இடங்களில் கண்ணுக்கும் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில், ஒரு பீடத்திலிருந்து இரண்டு நடுக்கூடங்கள் கால்சட்டையின் இரண்டு கால்கள்போலப் பிரிந்து போயின. ஒரு கூடத்தில் இருந்தவர் மறு கூடத்தில் இருந்தவரைப் பார்க்க முடியாது. பூசை மட்டும் இருவருக்கும் தெரியும். 1910-இல் பங்குத்தந்தை கௌசானல் அந்தத் தடுப்பை இடிக்கச் செய்தார்; வழக்கு நீதிமன்றம் போனது. பழைய கதை என்று விட முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டது, இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தவர்களை இரண்டாகப் பிரிக்கும் சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன.

திருவள்ளூர் வட்டாரம் இதற்கு விலக்கல்ல. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி எங்கும் ஊர் என்றும் காலனி என்றும் தெருக்கள் பிரிந்தே இருக்கின்றன. தொழிற்சாலைகள் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து கலந்தன; ஷிப்ட் பஸ்ஸில் எல்லாரும் ஒன்றாகப் போகிறார்கள்; கேன்டீன் பெஞ்சில் டிபன் பாக்ஸ் மாற்றிக்கொள்கிறார்கள். அந்த இரும்புக் கூரைக்குக் கீழே நடந்துவிட்ட சகவாசம், ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரத்தில் காணாமல் போகிறது. சபைப் பெயரும் சாதிப் பெயரும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல அங்கே அச்சாகின்றன.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. தலித் கிறிஸ்தவர் தம் சாதியை அரசு ஏட்டில் பதியக் கேட்பதை இந்த விக்கிரகத்தோடு சேர்க்கக் கூடாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். பட்ட காயத்தின் பெயரைச் சொல்லி மருந்து கேட்பது வேறு. காயப்படுத்தின கத்தியைச் சாமி அறையில் வைத்துக் காப்பது வேறு.

இந்த விக்கிரகத்துக்கு எதிராகத் தமிழில் எழுந்த மிக அழகான இறையியல் மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பிறந்தது. தியாஃபிலஸ் அப்பாவு என்ற பறட்டை அண்ணன் (1940–2005) கிராமத்துப் பாட்டு மெட்டில் வழிபாட்டை அமைத்தவர். அவருடைய சிந்தனையின் நடு அச்சு ஒரே உலை: எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுப் பொங்கி, ஒரே குடும்பமாக உட்கார்ந்து உண்பது. நற்கருணைக்கு அவர் கொடுத்த விளக்கம் அது. பல தடித்த புத்தகங்கள் தொடாத இடத்தை அந்த ஒற்றை உலை தொடுகிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கேள்வி: நாம் சாப்பிடும்போது யார் பட்டினி?

கொலோசெயர் மூன்றாம் அதிகாரம் பொருளாசையை விக்கிரகாராதனை என்று நேராகவே சொல்கிறது. நம் பிரசங்கங்களில் இந்த வசனம் வராத மாதம் இல்லை. ஆனால் அது யார்மேல் விழுகிறது? கான்ட்ராக்டில் பத்து வருஷம் ஓட்டிவிட்டு பர்மனென்ட் ஆக மாட்டோமா என்று ஏங்குகிறவன்மேல். மகள் கல்யாணத்துக்கு நாலு பவுன் சேர்க்க ஓ.டி. பார்க்கிற தகப்பன்மேல். மூல கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் பிளியொனெக்சியா. மேலும் மேலும் வேண்டும் என்பது அதன் பொருள். அரிஸ்டாட்டில் தம் அறநூலில் அதை நீதியின் எதிரியாக, தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வதாக விளக்குகிறார். அதாவது, அடுத்தவன் பங்கு குறையாமல் இந்தப் பாவத்தைச் செய்ய முடியாது. தன் பங்கே இன்னும் கைக்கு வராதவனுக்கு இந்த வசனத்தைப் பிரசங்கிப்பது தவறான விலாசத்துக்குக் கடிதம் போடுவது. தொழிலாளியின் பி.எஃப். பணத்தைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் வைத்திருக்கிறவன், எட்டு மணி நேரக் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வாங்குகிறவன், அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்குத்தான் இந்த வசனம். கூலி பிடிக்கப்பட்டவர்களின் கூக்குரல் கர்த்தரின் செவிக்கு எட்டியது என்று எழுதிய யாக்கோபு நம் மேடைகளில் அபூர்வமாகவே பேசுகிறார்.

லுத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு நம்புகிறதோ அதுவே உன் தெய்வம் என்ற கருத்தைச் சொல்லி, பணமே பூமியில் மிகச் சாதாரணமான விக்கிரகம் என்கிறார். கால்வின் மனித மனத்தை விக்கிரகங்களை ஓயாமல் செய்கிற பட்டறை என்றார். இரண்டும் உண்மை. ஆனாலும் நம் ஊரில் இந்தப் போதனை விக்கிரகத்தை முழுக்க மனத்துக்குள் தள்ளி, உன் போன்தான் உன் விக்கிரகம், உன் டி.வி.தான் உன் விக்கிரகம் என்று தனி ஆளைக் குறைசொல்லி முடித்துக்கொள்கிறது. போனில் நேரத்தைக் கொட்டுவது கெட்ட பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் விக்கிரகத்துக்கு வேதாகமத்தில் இன்னொரு அடையாளம் உண்டு: அது பலி கேட்கும். மோளோகுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தார்கள். 1980-களில் கோஸ்தாரிக்காவில் பாப்லோ ரிச்சர்டும் தோழர்களும் இந்த அடையாளத்தைத்தான் மீட்டெடுத்தார்கள்: ஒரு சமுதாயத்தின் விக்கிரகம் எது என்று அறிய, அங்கே யார் சாகிறார்கள் என்று கேள். இலங்கையில் களனியில் இருந்து எழுதிய அலோசியஸ் பீரிஸ், தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் உள்ள பகையே வேதத்தின் மைய அச்சு என்றும், ஏழைகளோடு தேவன் செய்த உடன்படிக்கை அதன் மறுபக்கம் என்றும் வாதிட்டார்.

அந்தக் கேள்வியோடு அத்திப்பட்டைச் சுற்றிப் பார்ப்போம். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 1994-க்கும் 1996-க்கும் இடையே 210 மெகாவாட் அலகுகள் மூன்றோடு ஓடத் தொடங்கியது. அதன் நிலக்கரிக்காகத் திட்டமிட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்க ஆரம்பித்தது. பிறகு 600 மெகாவாட் அலகுகள் இரண்டு; வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் அனுப்பி ஏரிபோன்ற குட்டைகளில் தேக்குகிறார்கள். குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது. இறாலுக்கு இறங்குகிற காட்டுக்குப்பம் மீனவரின் கால் அதில் புதைந்தது. செப்பாக்கம் என்ற சிற்றூர் சாம்பல் குட்டையின் ஓரத்தில் இருக்கிறது. காற்றடித்தால் அங்கே சோற்றுப் பானையை மூடாமல் வைக்க முடியாது.

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மீஞ்சூர் அருகே எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் அமைத்திருந்த இரும்புச் சாரம் சரிந்தது. ஒன்பது வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுநாள் காலை இந்த வட்டாரம் முழுக்க இயந்திரங்களுக்கு மாலை விழுந்தது. அந்தக் காலையில் எத்தனை சபைகளில் பொரியைப் பற்றிய கேள்வி எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஒன்பது பேரைப் பற்றிய கேள்வியும் எழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த வட்டார அனல் நிலையங்களின் மின்சாரத்தில்தான் நம் ஆலயத்து மைக்கும் விசிறியும் ஓடுகின்றன. அதை அணைத்துவிட்டு இருட்டில் ஜெபிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்று தெரிந்தபிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வெளிச்சத்தை ஆசீர்வாதம் என்று மட்டும் அழைப்பது ஆராதனைக்கு மிக அருகில் போய்விடுகிறது என்கிறேன்.

ஏசாயா நாற்பத்து நான்காம் அதிகாரத்தில், விக்கிரகம் செய்கிற ஒருவனைத் தீர்க்கதரிசி வர்ணிக்கிறார். ஒரே மரத்தில் பாதியை எரித்துக் குளிர் காய்கிறான், அப்பம் சுடுகிறான், இறைச்சி வாட்டுகிறான். மீதிப் பாதியைத் தெய்வமாகச் செதுக்கிக் கும்பிடுகிறான். கடைசியில் அவன் சாம்பலைத் தின்கிறவன் என்று முடிகிறது அந்தப் பகுதி. அந்த உருவகம் செப்பாக்கத்தில் உருவகமாக இல்லை. தின்கிறவர்கள் மட்டும் வேறு ஆட்கள். செய்தவன் தின்னாமல், செய்யாதவன் தின்கிறான்.

நம் சபைகளில் சிறிய அளவில் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. அவை பெரிய பிரசங்கத்தைவிடக் கடினமானவை. புதுவருஷ வாக்குத்தத்த அட்டையைத் தாயத்துபோலப் பர்ஸில் வைப்பதைப் பற்றி ஒரு போதகர் அன்போடு பேசலாம். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே பின்னாளில் தூபம் காட்டினார்கள், எசேக்கியா அதை உடைத்தான் என்று நினைவூட்டலாம். சாட்சி சொல்கிற நேரத்தில் வேலை கிடைத்தவர், வீடு கட்டியவரோடு, வேலையில் விரலை இழந்தவருக்கும் மைக்கைக் கொடுக்கலாம். சபையில் இருக்கிற கான்ட்ராக்டர் தன் மஸ்டர் ரோலை, கூலி விவரத்தை, மூப்பர்கள் முன் வைக்க முன்வரலாம். கல்யாண விளம்பரத்தை ஒரு குடும்பமாவது சாதிப் பெயர் இல்லாமல் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கை தருவது அசனம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம் அது: ஆலயப் பிரதிஷ்டை நாளில், அறுப்பின் பண்டிகையில், ஊர் முழுக்க அரிசியும் காய்கறியும் ஆடும் கொடுத்து, ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் பொங்கி, வரிசையாக இலை போட்டு உட்காருவது. பறட்டை அண்ணனின் ஒரே உலை நம் கையில் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று கேள்வியையும் கேட்டுக்கொள்ளலாம். அரிசி யார் கூலியில் வாங்கினது? வெங்காயம் உரிக்கிறவரும் அண்டா பக்கம் நிற்கிறவரும் யார், அவர்கள் எந்த வரிசையில் உட்காருகிறார்கள்? சாரத்தில் ஏறுகிற ஒடியாக்காரரும் அசாம்காரரும் ஜார்க்கண்டுகாரரும் தங்கியிருக்கிற தகரக் கொட்டகைக்கு யாராவது போய் வாருங்கள் என்று சொன்னார்களா? பொரிப் பொட்டலம் கொடுத்த பட்டறை நண்பருக்கு ஓர் இலை உண்டா? செப்பாக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு?

கடல் பக்கமிருந்து காற்று எழும்பினால் அன்றும் அண்டாவை மூடிவைக்கத்தான் வேண்டியிருக்கும். இலை போட்டபிறகு, எல்லாரும் உட்காரும்வரை திறக்காமல் இருக்கலாம்.